ஒற்றைக் கூப்பாடு

ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை இடங்களில் இல்லாமல் இருக்க முடியும்?

வேடிக்கையான கேள்வி. ஓரிடத்தில் இருப்பவர் மற்ற எல்லா இடங்களிலும் இல்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். கொல்லிமலையில் மேட்டுவளவு ராமாயிக்கு மட்டும் அந்தப் பதில் போதவில்லை. அவள் புருஷன் சென்றாயன் புறப்பட்ட ஊரிலும் இல்லாமல், போய்ச் சேர வேண்டிய ஊரிலும் சேராமல் இருந்த ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுதில் அவன் எங்கே இருந்தான் என்பதை யாரும் அவள் மனம் ஒப்பும்படி சொல்லவில்லை. சொல்ல முயன்றவர்களும் கிலோமீட்டரைத்தான் சொன்னார்கள்.

மேட்டுவளவு பெரிய ஊர் இல்லை. சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தால் கொஞ்சம் வீடுகள் வரும். வீடுகளுக்கு முன்னால் நிலம் சட்டென்று பள்ளத்தில் விழுகிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்மேடு. அங்கேயும் ராமாயிக்கு ஒரு துண்டுக் காடு உண்டு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டது. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எதிர்மேட்டில் நிற்கும் ஆளின் தலைத்துண்டு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இறங்கி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் காலைப்பொழுது கழிந்துவிடும். எதிர்மேடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் வளவுக்காரர்கள், "கூப்பிட்டா ஒரு கூப்பாடு, நடந்தா ஒரு பொழுது" என்பார்கள். இரண்டில் எது சரி என்று அவர்களைக் கேட்பதில் பொருளில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கூப்பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. பெயரை மூன்று தரம் சொல்லிக் கூப்பிட வேண்டும். கேட்பவர் மூன்றாவதுக்குத்தான் "ஓய்" என்று குரல் கொடுப்பார். ஒற்றைக் கூப்பாட்டுக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மனுசன் மூன்று தரம் கூப்பிடுவான், மற்றதற்கு ஒரு தரத்துக்கு மேல் முடியாது என்பது பேச்சு. பதில் சொல்லிவிட்டால் கூப்பிட்டது வீட்டுக்கு வந்துவிடும். யாருடைய குரலில் அது வந்ததோ, அந்த ஆள் அந்த அளவுக்குக் குறைந்துபோவார்.

ராமாயி இதை நம்பினாளா என்று கேட்டால், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவதை ஒருவர் நம்புவது எப்படியோ அப்படி என்றுதான் சொல்ல வேண்டும். அது பழக்கம். கையில் போன் வந்த பிறகும் மாறவில்லை. முதல் அழைப்பை அடிக்க விடுவாள், இரண்டாவதையும் விடுவாள், மூன்றாவதுக்கு எடுத்து "ஆருங்க?" என்பாள். மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் மிளகு வாங்கும் நசீர் அகமது பாய் இதற்குப் பழகிப்போயிருந்தார். "ராமாயிம்மாவுக்கு மூணு போன் போட்டாத்தான் ஒரு போன்" என்று கடைப் பையன்களிடம் சொல்வார்.

நல்லவள் என்பதைவிட நேரானவள் என்பது அவளுக்குப் பொருந்தும். பருவத்தில் சோளக்காட்டு ரோட்டோரம் அன்னாசி விற்பாள். காரில் வந்தவர்கள் "இனிக்குமா?" என்று கேட்டால், "இனிக்கலீன்னா எறங்குற வளைவு எழுவதுலயும் என்னைத் திட்டிக்கிட்டே போங்க சாமி" என்பாள். ஒரே மகள் தேன்மொழியைத் துறையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் சென்றாயனும் கருப்பி என்ற வெள்ளாடும்தான். எதிர்மேட்டிலிருந்து சென்றாயன் கூப்பிடும்போது "ராமாயீ" என்று கடைசி எழுத்தை நீட்டி, முடிவில் லேசாக உடைப்பான். குரல் உடைவது வயதுக்கு வந்த நாளிலிருந்து சரியாகவில்லை என்று அவன் அக்காள்கள் கேலி செய்வார்கள். ராமாயி வாசலில் நின்று "ஏனுங்கோ" என்று பதிலுக்குக் கூப்பிட்டால், எதிர்மேட்டில் எத்தனை ஆண்கள் வேலை செய்தாலும் அவன் ஒருவன்தான் திரும்புவான். அதுவும் மூன்றாவது தரத்தில்.

சென்றாயனுக்கு மேலே போகும் விமானத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். திருச்சியில் கிளம்பி மேற்கே போகும் விமானங்கள் மலையோரமாக ஏறிப் போகும். கொத்துகிற மண்வெட்டியை நிறுத்திவிட்டு அது மறையும்வரை பார்ப்பான். நசீர் பாயின் மகன் ரமீஸ் சார்ஜாவில் பழக் கிடங்கு நடத்துகிறான், அங்கே பெட்டி பிரித்து அடுக்க ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் "பிளேன்லதானுங்க போவணும்?" என்று கேட்டவன் அவன்.

ராமாயி கேட்டது வேறு. "எவ்வளவு தூரமுங்க பாய்?"

"திருச்சியிலேருந்து மூவாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும்மா."

"அது எனக்கு வெளங்காது. எவ்வளவு நேரம்?"

"பிளேன்ல நாலு மணி நேரம். அவ்வளவுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சோளக்காட்டுல பஸ் ஏறுனா திருச்சி போறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆவுது. அப்ப திருச்சிக்கு எங்கூட்டைவிட சார்ஜா கிட்டக்கவா?"

பாய் சிரித்தார். "நேரத்தை வெச்சுப் பாத்தா அப்படித்தான் வருது."

"பாத்தியா புள்ள" என்றான் சென்றாயன். "ஒரு கூப்பாடு போட்டா வந்துருவேன்."

"ஒரு கூப்பாட்டுக்கு நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள் ராமாயி.

ஐப்பசியில் ஒரு நாள் முன்னதாகவே பஸ்ஸில் மலை இறங்கித் திருச்சியில் தங்கி, மறுநாள் காலையில் அவன் விமானம் ஏறினான். டிக்கெட்டின் நகல் ஒன்றை ராமாயியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பத்து மணிக்குக் கிளம்புவது, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்வது. அதைப் படித்துச் சொன்னது பக்கத்து வீட்டு பாப்பாத்தி. ராமாயியைவிடப் பத்து வயது மூத்தவள், பயந்தவள், பயத்தை மறைக்க ஓயாமல் பேசுகிறவள்.

அன்று இருவரும் வாசலுக்குக் கீழே உள்ள சரிவில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு விமானம் போனது. அதுதான் என்று பாப்பாத்தி கையை ஆட்டினாள். பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, எதிர்மேட்டை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிட்டது. ராமாயி போனில் மணி பார்த்தாள்.

"பன்னெண்டரை ஆச்சுங்கக்கா. எறங்கியிருப்பாரு."

"எறங்கியிருப்பாரு, எறங்கியிருப்பாரு. கால் தரையில பட்டதும் மொதல்ல வாந்தி எடுத்திருப்பாரு" என்றாள் பாப்பாத்தி. மலையடிக் காரவள்ளிக்கு வளைவு இறங்கும்போதே பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்கிறவன் சென்றாயன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சோற்றுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்தார்கள்.

உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. கையில் சோற்றை எடுத்தபோது, பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராமாயிக்கு அந்தக் குரல் கேட்டது.

"ராமாயீ."

கடைசி எழுத்து நீண்டு, முடிவில் உடைந்தது.

அவள் வாய் தானாகத் திறந்துவிட்டது. மூன்றாவதுக்குத்தான் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டாள். இரண்டாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. சரிவில் மேய்ந்துகொண்டிருந்த கருப்பி தலையைத் தூக்கிப் பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்று, எதிர்மேடு இருந்த திசையைப் பார்த்துக் கத்தியது. சென்றாயன் கையால் தழை தின்று வளர்ந்த ஆடு அது. வேறு யார் குரலுக்கும் நகராது.

"கேட்டுச்சுங்களாக்கா?"

பாப்பாத்தி சோற்றைப் பிசைந்தாள். "காத்து" என்றாள். அன்று காற்று இல்லை. மரத்தில் இலை அசையவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை பாப்பாத்தி வேறொன்றும் பேசவில்லை. அதுவே ராமாயிக்குப் போதுமான பதிலாக இருந்தது.

நெடுநேரம் கழித்துப் போன் அடித்தது. மூன்றாவதுக்கு எடுத்தாள்.

"எறங்கிட்டேன் புள்ள. இப்பத்தான் கதவு தொறந்தாங்க."

"இப்பத்தானா? பன்னெண்டரைக்கே எறங்கியிருப்பீங்களே?"

"இப்பத்தான் இங்க பன்னெண்டரை."

"இங்க ரெண்டு மணிக்கு மேல ஆச்சுங்க."

"அது உங்க ஊரு ரெண்டு மணி" என்று பெரிய மனிதன் போலச் சிரித்தான் சென்றாயன். 'உங்க ஊரு' என்ற சொல் அவளைச் சுட்டது. ஆனால் கேட்க வேண்டியது வேறு.

"ஏனுங்க, மேலே இருக்கறப்ப என்னைக் கூப்பிட்டீங்களா?"

சென்றாயன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "உனக்கு ஆரு சொன்னா? கீழே பாத்தா ஒண்ணுமே தெரியல புள்ள. ஊரும் இல்ல, கடலும் இல்ல, வெள்ளையாக் கெடந்துச்சு. என்னமோ மாதிரி ஆயிருச்சு. மனசுக்குள்ள உன்னை ஒருதரம் கூப்பிட்டேன்."

"ஒருதரமா?"

"பக்கத்துச் சீட்டுல ஆளு தூங்குது. மூணு தரம் கத்தச் சொல்றியா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் கடிகாரத்தில் அவன் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தான். அவன் போய்ச் சேர்ந்த ஊரின் கடிகாரத்தில் அவன் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. அந்த இடைவெளியில், இரண்டு கணக்கிலும் சேராத இடத்திலிருந்து, அவன் ஒருதரம் கூப்பிட்டிருக்கிறான்.

ஒரு தடவையோடு போயிருந்தால் ராமாயியும் மறந்திருப்பாள். அது திரும்ப வந்தது. வெயில் அடிக்கிற நாளில் வராது. பனி ஏறி எதிர்மேடு மறைகிற நாளில், உச்சி சாய்ந்த பிறகு, சில சமயம் வரும். ஒரே தரம்தான். ராமாயி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கருப்பி விளிம்புவரை போய்க் கத்திவிட்டுத் திரும்பும்.

அந்த மாசி மாதம் மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் போனபோது நசீர் பாயைக் கேட்டாள்.

"ஏனுங்க பாய், பத்து மணிக்கு ஏறிப் பன்னெண்டரைக்கு எறங்குறதுன்னுதானே டிக்கெட்டுல போட்டிருந்துச்சு. நீங்க நாலு மணி நேரம்னீங்க. மிச்சம் ஒண்ணரை மணி நேரம் எங்க போச்சு?"

பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கயும் போகலம்மா. அங்க சூரியன் லேட்டா வருது. அதனால கடிகாரமும் லேட்டு" என்றார்.

"சூரியன் லேட்டா வந்தா ஆளு எதுக்கு லேட்டாவணும்?"

"ஆளு லேட்டாகல. நேரந்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். எளிதாகச் சொல்லிவிட நினைத்தார். "இப்படி வெச்சுக்குங்க. போறப்ப ஒண்ணரை மணி நேரத்தை வாங்கி வெச்சுக்குவாங்க. திரும்பி வர்றப்ப குடுத்துருவாங்க. அன்னிக்கும் நாலு மணி நேரந்தான் பறக்கும், கடிகாரத்துல அஞ்சரை மணி நேரம் ஆயிருக்கும். சரியாப் போச்சா?"

"வாங்கி வெச்சுக்குவாங்களா? ஆரு?"

"ஏன், போயி ரசீது கேக்கப் போறீங்களா?" என்று பாய் சிரித்தார். கடைப் பையன்களும் சிரித்தார்கள்.

புரியவைக்க உவமை சொல்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பாய் சொன்னதை ராமாயி அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. அந்த ஒன்றரை மணி நேரம், அதற்குள் இருந்த சென்றாயனோடு, இங்கேயே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பனிக்குள் நிற்கிறது. அவன் திரும்பி வரும் நாளில் அது அவனோடு சேர்ந்துகொள்ளும். அதுவரை அவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கூப்பிட்டது வீட்டுக்கு வந்துவிடும். சார்ஜாவிலிருந்து வருகிற ஆள் அவ்வளவு குறைந்து வருவான். ஆள் முழுசாகத் திரும்ப வேண்டும். அந்த இரண்டு வருடமும் அவள் காத்தது இதைத்தான். மிளகு தன்போக்கில் விளைந்தது, எதிர்மேட்டுக் காடு சும்மா கிடந்தது.

இதற்கிடையில் போனில் சென்றாயன் தேய்ந்துகொண்டு வந்தான். முதலில் நிறையப் பேசினான், கிடங்கின் குளிரைப் பற்றி, பெயர் தெரியாத பழங்களைப் பற்றி. பிறகு "சாப்பிட்டியா" என்பதோடு நின்றது. ஒருநாள் கருப்பி இரண்டு குட்டி போட்டதைச் சொன்னாள்.

"எந்தக் கருப்பி?" என்றான்.

அவள் போனைப் பார்த்தாள். "ஏனுங்க, நம்ம கருப்பிங்க."

"ஆங், ஆமா ஆமா."

தூரதேசம் போனவர்கள் மறப்பது புதிதல்ல. அதற்குப் பேய் பிசாசு வேண்டியதில்லை, காலையிலிருந்து இரவுவரை பெட்டி தூக்கினால் போதும். ராமாயிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் எதிர்மேட்டுக் குரல் எதையும் மறக்கவில்லை. அது அவள் பெயரைப் பழைய மாதிரியே நீட்டி, பழைய இடத்திலேயே உடைந்தது. போனில் பேசியவனின் குரலில் அந்த உடைசல் இல்லாமல் போய் வெகுநாளாயிற்று.

மூன்றாவது மார்கழியில் இரண்டு மாத விடுப்பில் அவன் வந்தான். அன்று ராமாயி சோளக்காட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள், கூடவே பாப்பாத்தியும். பஸ்ஸிலிருந்து சக்கரம் வைத்த பெட்டியோடு ஒல்லியாக ஒருவன் இறங்கினான். செண்ட் வாசனை முன்னால் வந்தது. அவன் வேறு பக்கம் பார்த்து நின்றான்.

"ஏனுங்கோ" என்றாள் ராமாயி.

உடனே திரும்பினான்.

பாப்பாத்தி கையைத் தட்டிச் சிரித்தாள். "அடி ஆத்தாடி, வெளிநாட்டுக்காரரு ஒத்தக் கூப்பாட்டுக்கே திரும்புறாரு பாரு!"

"அங்க சூப்பர்வைசர் ரெண்டாந்தரம் கூப்பிட மாட்டான்க்கா" என்றான் சென்றாயன். "ரெண்டாந்தரம் கூப்பிட்டா சீட்டைக் கிழிச்சுடுவான்." எல்லோரும் சிரித்தார்கள். ராமாயி அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். விமானம் எவ்வளவு நேரம் பறந்தது என்று வழியில் கேட்டாள். நாலு மணி நேரம் என்றான். கடிகாரத்தில்? அஞ்சரை என்றான். அவள் தலையாட்டினாள். கொடுத்துவிட்டார்கள்.

அவன் மோசமாக இல்லை. முன்பைவிடப் பதமாகப் பேசினான், தண்ணீர் எடுத்து வந்தான், மகள் வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தைக்குப் பொம்மை கொடுத்தான். கருப்பியிடம் தழையை நீட்டினான். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனது. "என்னை மறந்துருச்சு" என்றான்.

நாலைந்து நாள் கழித்து, பிந்திய மழையால் பகலெல்லாம் பனி இறங்கிய ஒரு நாள். இருவரும் வாசலில் தார்ப்பாயை விரித்து மிளகுக் கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி சாய்ந்திருந்தது.

"ராமாயீ."

எதிர்மேட்டிலிருந்து வந்தது. ராமாயி கையில் கதிரோடு உறைந்துபோனாள்.

"ஆரோ கூப்பிடுறாங்க பாரு" என்ற சென்றாயன் பதில் கொடுக்க வாயைத் திறந்தான். மிளகு காரம் ஏறிய உள்ளங்கையால் அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"ஒத்தக் கூப்பாடு. பேசாதீங்க."

இரண்டாவது வரவில்லை. அவன் அவள் கையை விலக்கினான்.

"ஆம்பிளைக் குரலு" என்றான்.

"உங்களுக்குத் தெரியலீங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஆரு அவன், உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவன்?"

விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. தன் குரலை ஒருவர் கேட்பது உள்ளேயிருந்துதான், வெளியேயிருந்து வந்தால் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை, அது பொதுவான குறை என்று சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிடலாம். ராமாயியால் கடக்க முடியவில்லை. அது உங்கள் குரல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால், அப்படியென்றால் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்வியும் கூடவே வெளியே வந்துவிடும்.

கடிகாரத்தில் அஞ்சரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் வாங்கி வைத்தவர்கள் எதையும் கொடுத்தனுப்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவன் பாப்பாத்தியிடம் போய்ச் சுற்றி வளைத்து விசாரித்தான். "இந்த ரெண்டு வருசத்துல எதிர்மேட்டுல ஆருக்கா பாடுபடுறது?"

"ஆரும் இல்ல சாமி. உங்க காடு சும்மாத்தான் கெடக்குது."

"குரல் கேட்டுச்சே."

பாப்பாத்தி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது அவன் சந்தேகத்தைக் கூட்டியது. வீட்டுக்கு வந்து, "ஊருக்கே தெரிஞ்சிருக்குது" என்றான்.

"என்ன தெரிஞ்சிருக்குது?" என்றாள் ராமாயி. "வாயத் தொறந்து சொல்லுங்க. நான் நேராப் பதில் சொல்றேன்."

அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்மேட்டுக்குப் புறப்பட்டான். "எவன் நிக்கிறான்னு பாத்துட்டு, அங்கேயிருந்து உனக்குக் குரல் குடுக்கறேன். வாசல்லயே நில்லு."

"பனி ஏறுதுங்க. இன்னிக்கு வேண்டாம்."

"ஏன், இன்னிக்கு வந்துருவானா?"

அவன் பள்ளத்தில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் பனி அவன் தலைத்துண்டையும் மூடியது. ராமாயி வாசலிலேயே நின்றாள். பாப்பாத்தியும் வந்து பக்கத்தில் நின்றாள். வீட்டுக் கதவு அவர்களுக்குப் பின்னால் திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பு அணைந்து இருட்டாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை. இதை பாப்பாத்தி பிறகு எத்தனையோ பேரிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறாள். சற்று முன்புதான் அவளே உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

உச்சி சாய்ந்தது. எதிர்மேட்டிலிருந்து குரல் வந்தது.

"ராமாயீ."

முடிவில் உடையவில்லை. கிடங்கில் கூப்பிட்டுப் பழகிய குரல். பாப்பாத்தி ராமாயியின் முழங்கையைப் பற்றினாள். இருவரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

"ராமாயீ."

இரண்டாவது வந்துவிட்டது. அப்படியானால் மனுசன்தான். பாப்பாத்தி மூச்சை விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள், அவர்கள் முதுகுக்குப் பின்னால், திறந்து கிடந்த கதவுக்குள்ளேயிருந்து, பக்கத்து அறையிலிருக்கும் ஆளைக் கூப்பிடுகிற அளவு சத்தத்தில்,

"ராமாயீ."

நீண்டு, முடிவில் உடைந்தது.

சரிவில் கட்டியிருந்த கருப்பி கயிற்றை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பியது. பாப்பாத்தி பிடியை இறுக்கினாள். "பேசாதே கண்ணு. ஒத்தக் கூப்பாடு. அங்க பாரு, அந்தப் பக்கம் இன்னும் ஒருதரம் வரும். அதுக்குக் குடு."

ராமாயி எதிர்மேட்டைப் பார்த்தாள். அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு வருடம் முந்தானையைக் கடித்துக் கடித்துக் காத்தவள் அவள். ஒரு நொடி, எதிரே இருந்து வரவேண்டிய மூன்றாவதுக்காகக் கழுத்தை நீட்டினாள். பிறகு முழங்கையை விடுவித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஓய்" என்றாள். "வாரேனுங்க."

பள்ளம் முழுவதும் எதிரொலித்தது. மலையில் அவள் குரலுக்கு நிகர் கிடையாது. மூன்றாவது கூப்பாடு அதற்குப் பிறகுதான் எதிர்மேட்டிலிருந்து வந்தது, அல்லது வரவே இல்லை. பாப்பாத்திக்கு அது நினைவில்லை. ராமாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சென்றாயன் திரும்பி வந்தான். நனைந்திருந்தான், களைத்திருந்தான், ஆனால் முகம் தெளிந்திருந்தது. "அந்தப் பக்கம் ஒருத்தனும் இல்ல புள்ள. எலிவளைதான் இருக்குது. நான் கூப்பிட்டதுக்கு நீ ஓய்னது என்னமாக் கேட்டுச்சு தெரியுமா? ரெண்டாவதுக்கே குடுத்துட்ட. என்ன அவசரம் உனக்கு?" என்று சிரித்தான். ராமாயி அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவன் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. எதிர்மேட்டில் குரலும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

விடுப்பு முடிந்து அவன் புறப்பட்டபோது, இந்தத் தடவை திருச்சிவரை வந்து வழியனுப்பு, விமானத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று கூப்பிட்டான். நசீர் பாய் காரில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். பாப்பாத்தி ஆட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"இல்லீங்க" என்றாள் ராமாயி. "ஊட்டுல ஆளிருக்குது. உட்டுட்டு வர முடியாது."

ஆட்டைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சென்றாயன் சிரித்தான். பாப்பாத்தி சிரிக்கவில்லை. அவன் போன பிறகு ஒரே ஒருநாள், அன்றைக்கு எதற்கடி வீட்டுப் பக்கம் திரும்பினே என்று கேட்டுப் பார்த்தாள். ராமாயி கதிர் உதிர்த்த கையைத் தட்டிவிட்டு, "வாங்கக்கா, பனி ஏறுறதுக்குள்ள தார்ப்பாயைச் சுருட்டணும்" என்று எழுந்தாள்.

இப்போதெல்லாம் நசீர் பாய் போன் போட்டால் முதல் அழைப்பிலேயே எடுத்துவிடுகிறாள். பாய்க்கு அது இன்னும் பழகவில்லை. எடுத்தது அவள்தானா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டுதான் விலை பேசுகிறார்.